வான்கோ வரைந்த தோட்டச் செடிகள் உண்மையில் அங்கே இருந்தவையா?

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. வின்சென்ட் வான்கோ தம் கடைசி ஆண்டுகளில், குறிப்பாக மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, வரைந்த தோட்டங்களில் காணப்படும் ஐரிஸ் பூக்களும் ஐவிக் கொடிகளும் பைன் மரங்களும் அவர் கண்முன் நின்றவையா, அல்லது கலங்கிய மனம் உருவாக்கிக்கொண்டவையா என்பது முதல் பகுதி. புகழ்பெற்ற ‘ஐரிஸ்’ ஓவியத்தில் உள்ள பூக்களைச் சிலர் ஊதா என்று எழுதும்போது, அச்சுப் படங்களில் அவை நீலமாக இருப்பது ஏன் என்பது இரண்டாம் பகுதி.

முதல் பகுதிக்கு என் பதில் இதுதான்: அவர் வரைந்த செடிகளில் மிகப் பெரும்பாலானவை அந்த இடத்தில், அந்தப் பருவத்தில் நின்றிருந்தவை. அவர் வேண்டாததை நீக்கினார், நிறத்தைக் கூட்டினார், கோட்டை அழுத்தினார். இல்லாத செடியை நட்டுவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மனநிலை ஓவியத்தில் இடம்பெறவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அது எந்த வழியாக இடம்பெற்றது என்பதில்தான் பலர் தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இதற்கு அவருடைய கடிதங்களே சான்று. தம்பி தியோவுக்கும் தங்கை வில்லமினுக்கும் ஓவிய நண்பர் எமில் பெர்னாருக்கும் அவர் எழுதிய கடிதங்களில் ஒவ்வொரு கேன்வாஸிலும் என்ன இருக்கிறது என்பதை ஏறத்தாழ ஒரு பட்டியல் போலச் சொல்லியிருக்கிறார். 1888 அக்டோபரில் பெர்னாருக்கு எழுதியபோது, தாம் சில சமயம் மிகைப்படுத்துவதையும் காட்சியில் மாற்றங்கள் செய்வதையும் ஒப்புக்கொண்ட அவர், முழு ஓவியத்தையும் தாமாகக் கற்பனை செய்வதில்லை என்றும், ஓவியம் இயற்கையில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, அதைச் சிக்கலிலிருந்து பிரித்தெடுப்பதே தம் வேலை என்றும் குறிப்பிடுகிறார். அவருடைய தோட்ட ஓவியங்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கடிதத்துக்குச் சற்று முன்பு, தென் பிரான்சின் ஆர்ல் நகரில், தாம் குடியிருந்த மஞ்சள் வீட்டுக்கு எதிரே லாமார்தீன் சதுக்கத்தில் இருந்த பொதுப் பூங்காவை அவர் தொடர்ச்சியாக வரைந்துகொண்டிருந்தார். விருந்தாளியாக வரவிருந்த ஓவியர் போல் கோகனின் அறையில் மாட்டுவதற்காகத் திட்டமிட்ட தொடர் அது. அதற்குக் ‘கவிஞரின் தோட்டம்’ என்று பெயர் வைத்தார். பெத்ரார்க்கா, பொக்காச்சோ போன்ற பழைய இத்தாலியக் கவிஞர்கள் இந்தப் புதர்களுக்கு நடுவே பூத்த புல்வெளியில் உலவுவதாக நினைத்துப் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். சாதாரண நகராட்சிப் பூங்காவைப் பற்றி இவ்வளவு பெரிய கனவு கண்டவர், செடிகளை எப்படிக் கையாண்டார்? சில மரங்களை நீக்கிவிட்டதாகவும், அமைப்பில் விட்டுவைத்தவை உண்மையில் அப்படியே இருப்பவை என்றும், அந்த இடத்தின் தன்மைக்குப் பொருந்தாத புதர்களைப் பூங்காவில் அளவுக்கு மீறி நட்டுவிட்டார்கள் என்றும் தியோவுக்கு எழுதுகிறார். கனவு முழுவதும் தலைப்பில் இருக்கிறது. கேன்வாஸில் இருப்பது களையெடுக்கப்பட்ட உண்மைத் தோட்டம். சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கும் அந்தத் தொடரின் ஓவியத்தைப் பார்த்தால், கிளைகள் தாழ்ந்து தொங்கும் மரமும், கத்தரித்து உருண்டையாக்கிய புதரும், மஞ்சள் கலந்த பச்சை வானமுமே உள்ளன. கவிஞர்களில் ஒருவர்கூட இல்லை.

அதே பூங்காவில் அரளியும் இருந்தது. நம் ஊர்க் கோயில் நந்தவனங்களில் நிற்கும் அதே செவ்வரளி இனம்தான், மத்தியதரைக் கடற்பகுதியில் இயல்பாக வளரக்கூடியது. அதைப் பற்றி வான்கோ எழுதும் பகுதி வேடிக்கையானது. அந்தச் செடிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, புதுப்பூக்கள் ஒருபுறம் வெடித்துக்கொண்டிருக்க வாடிய பூக்கள் குவியலாகத் தொங்குகின்றன, இலைத்தளிர்களும் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே போகின்றன என்று எழுதி, இப்படியே பூத்தால் செடிக்கு நரம்புத் தளர்ச்சி நோய் வந்துவிடும் என்ற பொருளில் கிண்டலும் செய்கிறார். அரளியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்த விவரிப்பு எவ்வளவு சரியானது என்று தெரியும்: வாடிய கொத்து உதிராமல் புதுக் கொத்தோடு சேர்ந்தே நிற்கும். ‘பைத்தியம்’ என்ற சொல்லை அவர் செடிக்குச் சூட்டியிருந்தாலும், அதற்கு ஆதாரமாகச் சொல்வது தாவரம் வளரும் முறையைப் பற்றிய துல்லியமான கவனிப்பு. இதை நினைவில் வையுங்கள். பின்னர் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் அவர் செய்ததும் இதன் நீட்சியே.

இந்தக் கவனிப்பு திடீரென வந்ததன்று. தாயார் அன்னா கார்பென்டஸ் பூக்களை நீர்வண்ணத்தில் வரையும் பழக்கம் உடையவர். தந்தை பாதிரியாராகப் பணியாற்றிய நூனன் ஊரில் 1884இல் வான்கோ வரைந்த பாதிரியார் இல்லத் தோட்டம் பழுப்பும் சாம்பலும் கலந்த, இலையுதிர்ந்த மரங்கள் நிற்கும் காட்சி. (அந்தச் சிறு ஓவியம் 2020 மார்ச்சில் நெதர்லாந்தின் லாரன் நகர அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து திருடப்பட்டு, 2023இல் மீட்கப்பட்டது, ஓவியத்தைவிட அந்தத் திருட்டுதான் இன்று அதிகம் பேசப்படுகிறது.) 1886இல் பாரிஸுக்குப் போனபோது அவருடைய வண்ணத்தட்டு மாறியது. மாடல்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் பூக்களை வாங்கிவைத்து, நீலத்துக்கு எதிராகச் செம்மஞ்சள், சிவப்புக்கு எதிராகப் பச்சை, மஞ்சளுக்கு எதிராக ஊதா என்று எதிர்நிறங்களை மோதவிட்டுப் பயிற்சி செய்ததாக அவரே ஆங்கிலேய ஓவிய நண்பர் ஒருவருக்கு எழுதியிருக்கிறார். பூ அவருக்கு அப்போது முதன்மையாக ஒரு வண்ணப் பாடம். 1887இல் மோன்மார்த்தில் காதலர்கள் உலவும் பூங்காவை வரைந்தபோது புள்ளிவைத்து வரையும் முறையையும் முயன்று பார்த்தார். அந்தப் புள்ளிகளை அவர் கடைசிவரை கடைப்பிடிக்கவில்லை. ஆனால் இலைத்திரளைத் தனித்தனித் தீற்றல்களாகப் பிரித்துக் காட்டும் பழக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது.

அந்தப் பழக்கம் முழுமையாக வெளிப்படுவது ஆர்லில் நாணல் பேனாவால் வரைந்த கோட்டோவியங்களில். 1888 ஜூலையில் பூத்துக்குலுங்கும் தோட்டத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பிறகு தம் ஓவியங்களைக் கோட்டோவியங்களாகவும் வரைந்து நண்பர்களுக்கும் தியோவுக்கும் அனுப்பினார். நிறம் இல்லாத நிலையில் ஒரு பூப்பாத்தியை எப்படிக் காட்டுவது? ஒரு வகைச் செடிக்குப் புள்ளிகள், இன்னொன்றுக்குச் சிறுவட்டங்கள், புல்லுக்கு நெட்டுக் கோடுகள், தொலைவிலுள்ள வேலிக்கு மெல்லிய கிறுக்கல் என்று ஒவ்வொரு தாவரத்துக்கும் ஒரு கைவீச்சை ஒதுக்கிவிடுகிறார். உள்ளூர் நாணலை வெட்டிச் சீவிய பேனா விரைவில் மை வற்றிவிடும். ஆகவே கோடுகள் இயல்பாகவே குட்டையாக, முனை தடித்து வால் மெலிந்து வரும். இலையின் வடிவமும் ஏறக்குறைய அதுதான். ஜப்பானிய அச்சோவியங்களை அவர் ஆழ்ந்து நேசித்த காலம் அது. ஜப்பானிய ஓவியன் ஒற்றைப் புல்லிதழை ஆராய்கிறான், அந்தப் புல்லிதழ் அவனை எல்லாத் தாவரங்களையும், பிறகு பருவங்களையும், பிறகு நிலக்காட்சிகளையும் வரையச் செய்கிறது என்று 1888 செப்டம்பரில் தியோவுக்கு எழுதினார். பிறருடைய கலையைப் பற்றிய புகழ்ச்சியாக எழுதினாலும், அடுத்த ஆண்டு அவருக்கு அமையவிருந்த வேலைத்திட்டம் அதுவே.

அதற்கு முன் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். கோகன் 1888 அக்டோபர் 23 அன்று ஆர்லுக்கு வந்தார். நினைவிலிருந்து வரையும்படி அவர் தூண்டியதால், நவம்பரில் வான்கோ ‘எட்டன் தோட்டத்தின் நினைவு’ என்ற ஓவியத்தை வரைந்தார். சால்வை போர்த்திய இரண்டு பெண்கள், டேலியாப் பூக்கள், முட்டைக்கோஸ், வளைந்து செல்லும் பாதை, குனிந்து வேலை செய்யும் பணிப்பெண். இன்று அது சென்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே செடிகள் கற்பனைத் தோட்டத்தில்தான் நிற்கின்றன. ஊதாவுக்கு எதிராக டேலியாக்களின் மஞ்சள் தெறிப்பது தம் தாயாரின் இயல்பை உணர்த்துவதாகத் தங்கைக்கு விளக்கினார். அழகான ஓவியம்தான், ஆனால் செடிகளில் உயிர் குறைவு என்பது என் கருத்து. புள்ளிகளும் பட்டைகளும் துணியில் அச்சிட்ட பூவேலைபோல் நின்றுவிடுகின்றன. வான்கோவும் ஓராண்டு கழித்து இத்தகைய முயற்சிகளைத் திரும்பிப் பார்த்து, அது மந்திரம் போட்ட நிலம், அதில் போனால் விரைவில் சுவரில் முட்டிக்கொள்வோம் என்று பெர்னாரை எச்சரித்தார். நினைவிலிருந்து வரைந்த தோட்டம் அவருக்கு ஒத்துவரவில்லை.

1888 டிசம்பரில் தம் காதைத் தாமே அறுத்துக்கொண்ட சம்பவத்துக்குப் பின் அவர் ஆர்ல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த மருத்துவமனையின் உள்முற்றத் தோட்டத்தை 1889 ஏப்ரலில் வரைந்து, வில்லமினுக்கு விவரித்தார். நடுவில் குளம், சுற்றிலும் எட்டுப் பூப்பாத்திகள். அவற்றில் ஃபர்கெட்-மீ-நாட், கிறிஸ்துமஸ் ரோஜா, அனிமோன், பட்டர்கப், வால்ஃபிளவர், டெய்சி. தாழ்வாரத்தின் கீழ் ஆரஞ்சு மரங்களும் அரளியும். பூக்களும் வசந்தப் பச்சையும் நிறைந்த ஓவியம் என்று சொல்லிவிட்டு, கறுத்துச் சோகமான மூன்று அடிமரங்கள் அதன் குறுக்கே பாம்புகளைப் போலச் செல்கின்றன என்றும், முன்புறத்தில் இருண்ட நான்கு பெரிய ‘பாக்ஸ்’ என்ற பசும்புதர்கள் நிற்கின்றன என்றும் சேர்க்கிறார். துயரம் நுழையும் வழி இங்கே தெளிவாகத் தெரிகிறது. சோகமான மரத்தை அவர் உண்டாக்கவில்லை. தோட்டக்காரர் நட்ட பூக்களுக்கு நடுவே ஏற்கெனவே இருந்த கருமையைத் தேர்ந்தெடுத்து முன்னால் நிறுத்துகிறார்.

1889 மே 8 அன்று அவர் தாமாகவே சான் ரெமி ஊருக்கு அருகிலுள்ள சான் போல் காப்பகத்தில் சேர்ந்தார். முதல் சில வாரங்கள் வெளியே செல்லவில்லை. மதில் சூழ்ந்த தோட்டம்தான் அவருடைய உலகம். உயரமான பைன் மரங்கள், அவற்றின் கீழே சரியாகப் பராமரிக்கப்படாமல் களைகளோடு கலந்து நெடிது வளர்ந்த புல், கல் இருக்கைகள்: இந்தக் கவனிப்பாரற்ற தோட்டமே தமக்குப் போதிய வேலை கொடுப்பதாக எழுதினார். பராமரிப்புக் குறைவு அவருக்கு வாய்ப்பாக அமைந்தது என்றே நினைக்கிறேன். கத்தரித்த பூங்காவில் செடி மனிதனின் விருப்பப்படி நிற்கும். இங்கே ஒவ்வொன்றும் தன் போக்கில் வளர்ந்திருந்தது.

சேர்ந்த சில நாள்களிலேயே தியோவுக்கு எழுதிய கடிதத்தில், இரண்டு ஓவியங்கள் நடந்துகொண்டிருக்கின்றன, ஊதா ஐரிஸ் பூக்களும் ஒரு லைலாக் புதரும், இரண்டும் தோட்டத்திலிருந்து எடுத்தவை என்று குறிப்பிடுகிறார். கேள்வியின் இரண்டாம் பகுதிக்கான பதில் இந்த வரியில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஐரிஸ் ஓவியத்தை இன்று பார்ப்பவர்களுக்குப் பூக்கள் நீலமாகவே தெரிகின்றன. அச்சில் ஏற்பட்ட பிழை இல்லை, ஓவியமே மாறிவிட்டது. ஊதா நிறத்துக்காக நீலத்தோடு அவர் கலந்த சிவப்பு, ‘ஜெரேனியம் லேக்’ என்று அழைக்கப்படும் சாயம். இயோசின் என்ற செயற்கைச் சாயத்திலிருந்து தயாரிக்கப்பட்ட அது, டியூபிலிருந்து பிதுக்கும்போது பளிச்சென்று இருக்கும்; வெளிச்சத்தில் மெல்ல மெல்ல நிறம் இழந்துவிடும். சிவப்பு போய்விட, நீலம் மட்டும் எஞ்சியது. இயோசினில் புரோமின் தனிமம் இருப்பதால், எக்ஸ் கதிர்க் கருவியால் கேன்வாஸில் புரோமின் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று வரைபடம் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாமல் போன சிவப்பு எந்த இதழில் இருந்தது என்று கண்டறிய முடிகிறது. ஆய்வாளர்கள் அப்படித்தான் மூல நிறத்தை மீட்டுக் காட்டியிருக்கிறார்கள். 1890 மே மாதத்தில், காப்பகத்தை விட்டுப் புறப்படும் தறுவாயில் அவர் வரைந்த ஐரிஸ், ரோஜாப் பூச்சாடி ஓவியங்களுக்கும் இதே கதிதான்: இளஞ்சிவப்பு ரோஜாக்கள் இன்று வெள்ளையாக நிற்கின்றன.

இது அவருக்குத் தெரியாமல் நடந்த விபத்தும் இல்லை. இம்ப்ரெஷனிஸ்ட் பாணி ஓவியர்கள் வழக்கத்துக்குக் கொண்டுவந்த வண்ணங்கள் நிலையற்றவை, ஆகவேதான் அவற்றைத் தயங்காமல், மட்டுப்படுத்தாமல், அடர்த்தியாகப் பயன்படுத்த வேண்டும், காலம் அவற்றை வேண்டிய அளவுக்கு மேலேயே மங்கச் செய்துவிடும் என்று 1888 ஏப்ரலிலேயே எழுதியிருந்தார். ஓவியங்களும் பூக்களைப் போல வாடுகின்றன என்று வேறொரு கடிதத்தில் சொல்கிறார். எனினும் மங்கியதால் ஏற்பட்ட இழப்பு சிறியதன்று. ஐரிஸ் ஓவியத்தின் மேல் இடப்பக்கத்தில் செம்மஞ்சளும் மஞ்சளுமான பூக்கள் திரண்டிருக்கின்றன. ஊதாவும் மஞ்சளும் எதிர்நிறங்கள், பாரிஸில் அவர் பயின்ற பாடம். பூக்கள் நீலமானதும் அந்த மோதல் தளர்ந்துவிட்டது. நாம் இன்று அமைதியான ஓவியம் என்று பாராட்டுவது, அவர் கையிலிருந்து புறப்பட்டபோது இன்னும் காரமாக இருந்திருக்கும்.

அந்த ஓவியத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஏறக்குறைய 74 செ.மீ. உயரமும் 94 செ.மீ. அகலமும் கொண்டது. வானம் இல்லை, தொடுவானம் இல்லை; பாத்தியருகே தாழ உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரிவது மட்டுமே உள்ளது. வாள் போன்ற இலைகள் நீலம் கலந்த பச்சையில், கருங்கோடுகளால் ஓரம் கட்டப்பட்டு, சில நிமிர்ந்தும் சில மடிந்தும் நிற்கின்றன. கீழே செம்மண். பூக்களில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை: விரிந்தது, பாதி விரிந்தது, கூம்பியது, பின்புறம் காட்டி நிற்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிலை. இடப்பக்கத்தில் ஒரே ஒரு வெள்ளை ஐரிஸ். அந்த வெள்ளைப் பூவை ஓவியரின் தனிமைக்குக் குறியீடாக விளக்குவோர் உண்டு. அவர் எழுதியவற்றில் அதற்கு ஆதரவு எதையும் நான் கண்டதில்லை. ஊதாப் பாத்தியில் இடையே ஒரு வெள்ளைச் செடி முளைத்து நிற்பது தோட்டம் வைத்தவர்களுக்குப் புதுமையும் இல்லை. தியோவுக்கு அந்த ஓவியம் உடனே பிடித்துவிட்டது. 1889 செப்டம்பரில் பாரிஸில் சுயேச்சை ஓவியர்களின் கண்காட்சியில் வைத்தபோது, அது தொலைவிலிருந்தே கண்ணைக் கவர்கிறது, காற்றும் உயிரும் நிறைந்தது என்று அண்ணனுக்கு எழுதினார். பின்னாளில், 1987இல் சுமார் 5 கோடியே 39 லட்சம் டாலருக்கு ஏலம் போனதும், ஓவியத்தைப் பற்றிய பேச்சு விலையைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது.

என்னைக் கேட்டால், செடிகளை வரைந்தவர் என்ற முறையில் வான்கோவின் உச்சம் ஐரிஸ் அன்று. அதே தோட்டத்தின் ஐவி ஓவியங்கள். பருத்த அடிமரங்களில் ஐவி ஏறிப் படர்ந்திருக்க, தரையிலும் ஐவியும் வின்காவும் மூடியிருக்கின்றன. வின்கா நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியின் ஐரோப்பிய உறவு, பூ நீலம். காதலர்களுக்கான பசுங்கூடுகள் என்று சற்றுக் கேலியாக இந்தக் காட்சியை அவர் குறிப்பிடுகிறார். 1889 ஜூலையில் வரைந்து இன்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் மரத்தடிக் காட்சியில் பூவே இல்லை. பெயர் சொல்லிப் பாராட்டக்கூடிய எந்த அழகும் இல்லை. மேலே மரத்தலைகள் வெட்டப்பட்டுவிட்டன. அடிமரங்களும் தரையும் மட்டும், அவற்றின்மேல் இலை வழியே வடிந்து விழும் வெயில் திட்டுகள். ஐவி இலையைத் தனித்தனியே வரைந்தால் கேன்வாஸ் இறுகிவிடும், மொத்தமாகப் பூசினால் கொடி பாசியாகிவிடும். அவர் செய்தது இரண்டுக்கும் நடுவே: நெருக்கமான குறுந்தீற்றல்கள், மரத்தில் மேல்நோக்கியும் தரையில் கிடைமட்டமாகவும் திசைமாறுகின்றன. ஆகவே ஒரே பச்சை மரத்தில் ஏறுவதும் தரையில் ஊர்வதும் தெரிகிறது. கொடி எப்படி இடத்தைப் பிடிக்கிறது என்பதைத் தூரிகையின் திசையே சொல்லிவிடுகிறது. இந்த வகை ஓவியத்தை அவரும் உயர்வாக மதித்தார். 1890 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் ‘லே வேன்’ என்ற குழுவின் கண்காட்சிக்கு அனுப்பியவற்றில் சூரியகாந்திகளோடு ஐவி ஓவியம் ஒன்றும் இருந்தது.

அவருடைய கவனிப்பின் தன்மையைக் காட்ட இன்னொரு சிறு நிகழ்ச்சி. காப்பகத்தில் சேர்ந்த அதே 1889 மே மாதத்தில் தோட்டத்தில் மிகப் பெரிய அந்துப்பூச்சி ஒன்றைக் கண்டு வரைந்தார். கறுப்பு, சாம்பல், வெள்ளை, அவற்றில் கார்மைன் சிவப்பின் சாயலும் ஆலிவ் பச்சையின் சாயலும் என்று அதன் நிறங்களைத் தியோவுக்கு எழுதி, வண்ணத்தில் தீட்டுவதற்கு அதைக் கொல்ல வேண்டியிருக்கும், இவ்வளவு அழகான உயிரைக் கொல்வது பாவம் என்று விட்டுவிட்டதாகச் சொல்கிறார். கோட்டோவியத்தைக் கொண்டே பிறகு எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். மண்டையோட்டு அந்து என்று அவர் பெயரிட்டது தவறு. இறக்கைகளில் கண்போன்ற வட்டங்கள் கொண்ட பேரந்து அது. பூச்சியின் பெயரில் தவறினாலும், அது உட்கார்ந்திருக்கும் செடியைக் காட்டுவதில் தவறவில்லை. சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த ஆரம் செடி என்று இலையின் நரம்பையும் பூமடலையும் பார்த்தே சொல்லிவிடலாம்.

இனி மனநிலை பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1889 ஜூலை நடுவில் அவருக்கு மனநோயின் கடுமையான தாக்குதல் ஏற்பட்டது. வண்ணங்களை விழுங்க முயன்றதால் சில காலம் ஓவியப் பொருள்களும் மறுக்கப்பட்டன. தேறியபின் இலையுதிர் காலத்தில் மீண்டும் தோட்டத்தை வரைந்தார். அப்போது பெர்னாரும் கோகனும் ஒலிவத் தோட்டத்தில் இயேசு வேதனைப்பட்ட காட்சியைத் தத்தம் முறையில் வரைந்திருந்தார்கள். வான்கோவுக்கு அது பிடிக்கவில்லை. நவம்பர் இறுதியில் பெர்னாருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், வேதனையை உணர்த்துவதற்கு நேரே அந்தக் கெத்சமனே தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை என்று வாதிட்டு, சான்றாகத் தம் காப்பகத் தோட்ட ஓவியத்தை விவரிக்கிறார். வலப்பக்கம் சாம்பல்நிற மேல்தளம், கட்டடத்தின் ஒரு பகுதி, பூ உதிர்ந்த ரோஜாச் செடிகள். இடப்பக்கம் வெயிலில் வெந்த செங்காவி மண், அதன்மேல் உதிர்ந்த பைன் சருகுகள். முன்னால் மின்னல் தாக்கி, பிறகு அறுக்கப்பட்ட பெரும் பைன் மரம். அதன் பக்கக்கிளை ஒன்று மட்டும் உயரப் போய், கரும்பச்சைச் சிறுகிளைக் கொத்துகளாகச் சரிந்து விழுகிறது. தோற்கடிக்கப்பட்ட செருக்குள்ள மனிதனைப் போன்ற அந்த மரத்துக்கும், எதிரே வாடிக்கொண்டிருக்கும் கடைசி ரோஜாவின் வெளிறிய புன்னகைக்கும் இடையிலான முரணை அவரே சுட்டுகிறார். செங்காவியும், சாம்பல் கலந்து சோர்ந்த பச்சையும், ஓரங்களில் ஓடும் கருங்கோடுகளும் சேர்ந்து, தம்முடன் இருந்த நோயாளிகள் சிலர் அடிக்கடி அனுபவித்த பதற்ற உணர்வை ஓரளவு எழுப்புவதாகவும் சொல்கிறார்.

இந்தக் கடிதத்தை எழுதியவர் தன்னிலை இழந்து வண்ணத்தை வாரி வீசிய மனிதர் அல்லர். எந்த நிறச் சேர்க்கை என்ன உணர்வைத் தரும் என்று கணக்கிட்டு, அதற்குப் பொருத்தமான மரத்தைத் தோட்டத்திலேயே தேடி எடுத்த தொழில்காரர். மின்னல் தாக்கிய பைன் உண்மையில் அங்கே நின்றது. நோய் அவரை ஆட்கொண்ட நாள்களில் அவரால் வரைய முடிந்ததில்லை அல்லது மிகக் குறைவாகவே முடிந்தது. தோட்ட ஓவியங்கள் தெளிந்த நாள்களின் உழைப்பு. அச்சத்தைப் பற்றி அவை பேசுகின்றன, ஆனால் அச்சத்தின் பிடியில் இருந்தபடி பேசவில்லை. ‘பைத்தியக்கார மேதை’ என்ற கதை விற்பனைக்கு உதவலாம். ஓவியத்தைப் பார்க்க உதவாது.

1890 பிப்ரவரியில் வந்த அடுத்த தாக்குதல் ஏப்ரல் வரை நீண்டது. அதிலிருந்து எழுந்ததும் அவர் முதலில் வரைந்தவற்றில் தோட்டத்தின் புதுப்புல்லும் உண்டு. ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு பைன் அடிமரம், வெள்ளைப் பூக்களும் டேன்டலியன்களும் கலந்த புல், ஒரு சிறு ரோஜாச் செடி, அவ்வளவுதான். மிக எளிமையானது என்று அவரே சொன்ன அந்த ஓவியம் நெதர்லாந்தின் கிரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள ‘நெடும்புல்லும் வண்ணத்துப்பூச்சிகளும்’ இதே காலத்தது. தோட்ட ஓவியம் என்றால் பூ வேண்டும், பாதை வேண்டும், ஆள் வேண்டும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிட்டு வந்தால், வெறும் புல்லில் அவர் எத்தனை பச்சைகளையும் மஞ்சள்களையும் நீலங்களையும் பார்த்தார் என்று அங்கே எண்ணிக்கொண்டு நிற்கலாம்.

மே மாதம் காப்பகத்தை விட்டு, பாரிஸுக்கு வடக்கே உள்ள ஓவேர் ஊருக்கு வந்தார். அங்கே மருத்துவர் காஷேயின் தோட்டத்தில் கற்றாழையையும் சைப்ரஸையும், மறைந்த ஓவியர் தோபினியின் தோட்டத்தில் ரோஜாப் பாத்தியையும் லிண்டன் மர வரிசையையும் வரைந்தார். தோபினி தோட்டத்தை முதலில் வரைந்தபோது கேன்வாஸ் தீர்ந்திருந்ததால் சமையலறைத் துணி ஒன்றில் வரைந்தார். பிறகு இரண்டு பெரிய வடிவங்கள், உயரத்தைப்போல் இருமடங்கு அகலமானவை. ஜூலை 23 அன்று தியோவுக்கு எழுதிய, அனுப்பப்பட்ட கடைசிக் கடிதத்தில் அதன் செடிகளை வரிசையாகச் சொல்கிறார்: முன்னால் பச்சையும் இளஞ்சிவப்புமான புல், இடப்பக்கம் பச்சையும் லைலாக் நிறமுமான புதர், வெளிறிய இலைகள் கொண்ட செடி, நடுவே ரோஜாப் பாத்தி, மதிலுக்கு மேலே ஊதா இலைகள் கொண்ட ஹேசல் மரம், லைலாக் வேலி, உருண்டையாகக் கத்தரித்த மஞ்சள் லிண்டன்கள், முன்புறத்தில் ஒரு கறுப்புப் பூனை. ஹிரோஷிமாவில் உள்ள வடிவத்தில் அந்தப் பூனையை வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள். பாசல் நகரில் உள்ளதில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கடைசி ஓவியம் என்று பெரும்பாலும் ஏற்கப்படும் ‘மரவேர்கள்’ இந்த விவாதத்துக்கு நல்ல சோதனை. 50 செ.மீ. உயரம், 100 செ.மீ. அகலம், நீலமும் பச்சையும் காவியுமாக முறுக்கிக் கிடக்கும் உருவங்கள். மேலும் கீழும் தெரியாத அந்தக் காட்சியை அருவ ஓவியத்தின் முன்னோடியாகவும், உடைந்துபோன மனத்தின் சாட்சியாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். தியோவின் மைத்துனர் ஆன்ட்ரீஸ் போங்கர், இறப்பதற்கு முந்தைய காலையில் வான்கோ வரைந்த மரத்தடிக் காட்சி வெயிலும் உயிரும் நிறைந்தது என்று குறிப்பிட்டதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. 2020இல், ஊரடங்கு நாள்களில் பழைய அஞ்சலட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வாளர் வௌட்டர் வான் டெர் வேன், 1900க்கும் 1910க்கும் இடைப்பட்ட ஓர் அட்டையில் அந்த வேர்களை அடையாளம் கண்டார். வான்கோ தங்கியிருந்த விடுதியிலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் தொலைவில், சாலையோரச் சரிவில், வெட்ட வெட்டத் துளிர்த்த மரங்களின் அடிப்பகுதி அது. பெரிய அடிமரத்தின் மிச்சம் இன்னும் அங்கே இருக்கிறது. ஓவியத்தோடு பொருத்திப் பார்த்தபோது வளைவுகளும் சரிவும் ஒத்துப்போயின.